எத்தனை பேருடைய எலும்பு?

என் மகனுக்கு ஒன்பது வயது. டோக்கியோவில் எங்கள் பகுதி நூலகத்தில் யோகாய் புத்தகங்கள் அடுக்கிய அலமாரி எது என்று அவனுக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரியும். யோகாய் என்பது ஜப்பானில் பேய், பூதம், மாயப் பிராணி, நூறு வயதாகி உயிர் வந்துவிட்ட பழைய குடை என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து வைத்த பெயர். பக்கத்துக்கு ஒரு பூதம் இருக்கும். அதன் படம், பெயர், எங்கே திரியும், எதைத் தின்னும் என்று குட்டிக் குட்டிக் குறிப்புகள் இருக்கும். தூங்குவதற்கு முன் நான் அவற்றை வாசிக்க வேண்டும், அவன் தமிழில் கேட்க வேண்டும், இது எங்கள் வீட்டு ஏற்பாடு.

போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி "காஷாடோகுரோ" என்ற பூதத்தின் பக்கம் வந்தது. வீட்டை விட உயரமான எலும்புக்கூடு. பட்டினியிலும் போரிலும் செத்து, எடுத்துப் புதைக்க ஆளில்லாமல் வெட்டவெளியில் கிடந்தவர்களின் எலும்புகள் ஒன்றுசேர்ந்து உருவானது, நடுராத்திரியில் பற்கள் காச்சி காச்சி என்று அடித்துக்கொள்ளத் திரியும், தனியாக வருகிறவர்களைப் பிடித்துத் தின்னும் என்று போட்டிருந்தது.

அவன் பயப்படவில்லை. கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அம்மா, இது எத்தனை பேரோட எலும்பு?" என்று கேட்டான்.

புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை. "நிறைய பேரோடது கண்ணா, தூங்கு" என்று விளக்கை அணைத்துவிட்டேன். ஆனால் எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த எலும்புக்கூடு குனிந்திருந்த விதம், தலையைச் சாய்த்து முன்னால் நீட்டியிருந்த விதம், அதை எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. டி-சட்டையில், கைப்பேசி உறையில், பச்சை குத்தும் கடை வாசலில் என்று உலகம் முழுக்கச் சுற்றும் ஒரு படம் அது. உதகாவா குனியோஷி என்ற எடோ நகரத்து ஓவியர் 1840களின் நடுவில் வரைந்த மரக்கட்டை அச்சு. எடோ என்றால் இன்றைய டோக்கியோதான்.

அன்றிலிருந்து கிட்டத்தட்ட ஒரு வருடம் அந்தப் படத்தின் பின்னால் அலைந்திருக்கிறேன். மகன் கேட்ட கேள்விக்குப் பதிலும் கிடைத்தது, நான் நினைத்தே பார்க்காத இடத்திலிருந்து.

முதலில் படத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு சின்ன அருங்காட்சியகத்தில் அதன் அசல் பிரதி ஒன்றைக் காட்சிக்கு வைத்திருந்தபோது போய்ப் பார்த்தேன். இந்த அச்சுகளின் சாயங்கள் வெளிச்சம் பட்டால் வெளுத்துவிடும் என்பதால் சில வாரங்கள் மட்டும் வெளியே வைத்துவிட்டு மறுபடி இருட்டுக்குள் எடுத்துவைத்துவிடுவார்கள். கூடத்திலும் வெளிச்சம் குறைவு. கண் பழக ஒரு நிமிடம் பிடித்தது. இணையத்தில் பார்த்துப் பார்த்து என் மனசில் சுவர் அளவுக்கு வளர்ந்திருந்த படம், நேரில் என் இரண்டு கைக்குள் அடங்கும் அளவுதான். மூன்று தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த படம் அது. ஒவ்வொரு தாளும் சுமார் 37 சென்டிமீட்டர் உயரம், 25 சென்டிமீட்டர் அகலம்.

இடது தாளில் ஒரு பெண் நிற்கிறாள். கையில் விரித்த சுருள் ஒன்று. அதிலிருந்து மந்திரம் வாசிக்கிறாள். நடுவில் ஒரு வீரன் இன்னொருவனைக் கீழே தள்ளி அமுக்கிப் பிடித்திருக்கிறான். இடிந்துபோன அரண்மனை, நைந்து தொங்கும் மூங்கில் திரை. அந்தத் திரையைப் பிய்த்துக்கொண்டு, வெளியே இருக்கும் கும்மிருட்டிலிருந்து ராட்சத எலும்புக்கூடு உள்ளே குனிகிறது. நடுத்தாள், வலது தாள் இரண்டின் மேலும் அது பரவிக் கிடக்கிறது. பொம்மை வீட்டுக்குள் எட்டிப் பார்க்கும் குழந்தையின் குனிவு அது. வீரன் தான் பிடித்தவனை விடாமல் தலையை மட்டும் திருப்பி அதைப் பார்க்கிறான்.

நான் அதிக நேரம் நின்றது அந்த மூங்கில் திரைக்கு முன்னால்தான். ஒவ்வொரு குச்சியும் தனிக்கோடு. கிழிந்த இடங்களில் குச்சிகள் ஒடிந்து, வளைந்து, ஒன்றின்மேல் ஒன்று சரிந்து தொங்குகின்றன. அவற்றுக்கு நடுவே விரல் எலும்புகள் கணுக்கணுவாக நுழைகின்றன. விலா எலும்புகளும் தோள்பட்டையும் கற்பனையாகக் கிறுக்கியவை இல்லை. மேற்கத்திய உடற்கூறு நூல்களின் படங்களைக் குனியோஷி பார்த்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். டச்சு மொழியிலிருந்து பெயர்த்த உடற்கூறு நூல் ஒன்று 1774லேயே எடோவில் வெளியாகியிருந்தது. ஐரோப்பியச் செப்புத்தகட்டு அச்சுகளைத் தேடிச் சேர்க்கும் வழக்கமும் குனியோஷிக்கு இருந்தது. அதனால்தானோ என்னவோ, அந்த எலும்புக்கூட்டைப் பார்க்கும்போது பேய் என்பதற்கு முன்னால் மனிதன் என்றுதான் தோன்றியது.

சரி, அந்தப் பெண் யார்?

அவள் பெயர் டகியாஷா. கதைப்படி டாய்ரா நோ மசகாடோ என்பவனின் மகள். மசகாடோ கதைப் பாத்திரம் இல்லை, நிஜமாக வாழ்ந்தவன். இன்று டோக்கியோவும் அதைச் சுற்றியுள்ள மாவட்டங்களும் இருக்கும் கான்டோ சமவெளியின் வீரன். அன்றைய தலைநகரமான கியோட்டோவில் பேரரசர் இருக்கும்போதே, 939ல் மாகாண அலுவலகங்களைக் கைப்பற்றி "நானே புதிய பேரரசன்" என்று அறிவித்துக்கொண்டான். 940ல், அறிவித்து இரண்டு மாதம்கூட முழுதாக ஆகாமல், போரில் செத்தான். தலையை வெட்டிக் கியோட்டோவுக்குக் கொண்டுபோய்க் காட்சிக்கு வைத்தார்கள். அந்தத் தலை தன் உடம்பைத் தேடிக் கிழக்கே பறந்து வந்து விழுந்தது என்பது ஐதீகம். தலைநகரம் அவனை ராஜத்துரோகி என்றது. எடோ மக்களுக்கோ அவன் தங்கள் மண்ணின் ஆள், அவர்களைக் காக்கும் கான்டா கோயில் தெய்வங்களில் ஒருவன். இந்த இரண்டையும் சேர்த்து மனசில் வைத்துக்கொண்டால்தான், அவன் மகளைப் பற்றிய பேய்க்கதைக்கு எடோவில் அவ்வளவு மவுசு ஏன் என்று புரியும்.

கதையை எழுதியவர் சான்டோ க்யோடென். எடோவின் பெயர்பெற்ற எழுத்தாளர், புகையிலைக் குழாயும் பையும் விற்கும் கடையும் வைத்திருந்தவர். 1791ல், அரசு கட்டுப்பாட்டை மீறிக் கேளிக்கைக் குடியிருப்புக் கதைகள் எழுதினார் என்று 50 நாள் கையில் விலங்கு பூட்டிவிட்டார்கள். அதற்கப்புறம் வரலாறு, விசுவாசம், பழிவாங்கல், கர்மவினை என்று பெரிய கதைகளின் பக்கம் திரும்பினார். அந்த வகைக்கு யோமிஹோன் என்று பெயர், படிப்பதற்கான புத்தகம் என்று பொருள். படம் குறைவு, எழுத்து அதிகம், விலையும் அதிகம். பெரும்பாலானவர்கள் வாங்கிப் படிக்கவில்லை. புத்தகங்களை முதுகில் அடுக்கிக் கட்டிக்கொண்டு வீடுவீடாக வரும் வாடகைப் புத்தகக்காரரிடம் எடுத்துப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். மற்றவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் வாசிக்கக் கேட்டிருப்பார்கள், எங்கள் வீட்டு ராத்திரி மாதிரி.

இந்தக் கதையை அவர் 1806ல் வெளியிட்டார். "உதோ யாசுகடா சூகிடென்" என்பது அதன் பெயர். உதோ என்பது கடற்பறவை ஒன்றின் பெயர். தாய்ப்பறவை "உதோ" என்று கூப்பிட்டால் மணலில் ஒளிந்திருக்கும் குஞ்சு "யாசுகடா" என்று பதில் குரல் கொடுக்குமாம். வேடன் தாயின் குரலில் கூப்பிட்டுக் குஞ்சுகளைப் பிடித்துவிடுவான். தாய் மேலே வட்டமடித்து ரத்தக் கண்ணீர் விடும். பழைய நோ நாடகம் ஒன்று சொல்லும் கதை இது. அதை எடுத்து மசகாடோவின் பிள்ளைகள் கதையோடு முடிச்சுப் போட்டார் க்யோடென். கதையில் மசகாடோவின் மகன் ட்சுகுபா மலையில் தேரை வடிவ மாயாவி ஒருவனிடம் மந்திரம் கற்கிறான். புத்த பிட்சுணியாக ஒதுங்கியிருந்த அக்காவும் மாறுகிறாள். டகியாஷா என்ற பெயரில், அப்பாவின் இடிந்த அரண்மனையில் இருந்துகொண்டு மறுபடி படை சேர்க்கிறாள். அதை உளவறிய வருகிறான் ஓயா நோ டாரோ மிட்சுகுனி. படத்தின் நடுவில் நிற்கும் வீரன் இவன்தான்.

இதுவரைக்கும் படமும் கதையும் ஒத்துப்போகின்றன. அதற்கப்புறம்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

க்யோடெனின் கதையில் ராட்சத எலும்புக்கூடு கிடையாது. மிட்சுகுனியின் முன்னால் அரண்மனையில் எழுந்து வருபவை நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள். எல்லாம் சாதாரண ஆள் உயரம்தான். புத்தகத்துக்குப் படம் போட்டவர் உதகாவா டோயோகுனி, குனியோஷியின் குரு. 1811 வாக்கில், பதினாலு வயது சாயக்காரர் மகனாக அவரிடம் சேர்ந்தவர் குனியோஷி. அதனால் குருவின் கை பட்ட இந்தக் கதை சிஷ்யனுக்குத் தெரியாமல் இருந்திருக்க வாய்ப்பே இல்லை. தெரிந்தும் மாற்றினார். நூற்றுக்கணக்கானவற்றை ஒன்றாக ஆக்கினார்.

அதாவது, "இது எத்தனை பேரோட எலும்பு?" என்ற கேள்விக்கு 1806ல் ஒரு பதில் இருந்திருக்கிறது. நூற்றுக்கணக்கானவர்களுடையது.

இதைத் தெரிந்துகொண்ட அன்று நான் ரயிலில் இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டிப் போய்விட்டேன். பூதப் புத்தகத்தைப் பார்த்து ஒன்பது வயதுப் பையன் சும்மா கேட்ட கேள்வி, அந்தப் படத்தின் சரியான முடிச்சில் போய்க் கை வைத்திருந்தது.

ஏன் ஒன்றாக்கினார்? அவர் எழுதிவைத்துவிட்டுப் போகவில்லை. நான் நினைப்பதைச் சொல்கிறேன். எலும்புக்கூட்டுப் படை என்றால் கண் ஒவ்வொன்றாகத் தாவும். இது கத்தி வைத்திருக்கிறது, அது விழுந்து கிடக்கிறது என்று பார்க்கலாம். பார்க்கப் பார்க்கப் பயம் சில்லறையாக மாறிவிடும். வாசிக்கும்போது அந்தப் பிரச்சினை இல்லை, "நூற்றுக்கணக்கில்" என்று ஒரு சொல் போட்டுவிட்டால் மனசு நிரப்பிக்கொள்ளும். படத்தில் அந்தச் சொல்லுக்குச் சமமாக ஒன்று வேண்டும். குனியோஷி எண்ணிக்கையை அளவாக மாற்றினார் என்றுதான் எனக்குப் படுகிறது. கதைக்குப் படம் போடுவது என்றால் எழுதியதை அப்படியே வரைவது என்று நான் ரொம்ப நாள் நம்பியிருந்தேன். தொடர்கதைப் படங்களில் நாயகியின் புடவை நிறம் கதையில் சொன்னதோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்த்த பெண் நான். இந்தப் படத்தில் எழுத்தை மீறியதால்தான் அந்த எழுத்து இன்னும் உயிரோடு இருக்கிறது. க்யோடெனின் கதையை இன்று தேடிப் படிப்பவர்கள் குறைவு. படத்தை அறியாதவர்கள்தான் குறைவு.

இன்னொரு விஷயம். படத்திலேயே ஒரு குறிப்பு எழுதியிருக்கிறது. சோமா என்ற இடத்தின் பழைய அரண்மனையில் மசகாடோவின் மகள் டகியாஷா மாயத்தால் ஆள் சேர்க்கிறாள், ஓயா டாரோ மிட்சுகுனி அங்குள்ள யோகாய்களைச் சோதித்துப் பார்க்க வந்து கடைசியில் அதை அழிக்கிறான் என்பது அதன் சாரம். எலும்புக்கூடு என்ற சொல்லே அதில் இல்லை. எத்தனை, எவ்வளவு பெரிது என்ற பேச்சே இல்லை. அவ்வளவு இடத்தையும் ஓவியருக்கு விட்டுக்கொடுத்த குறிப்பு.

இந்தக் கதையை மேடையும் எடுத்துக்கொண்டது. 1836ல் எடோவின் இச்சிமுரா அரங்கில் காபுகி நாடகமாக வந்தது. அதிலிருந்த "மசகாடோ" என்ற நடனக் காட்சியை இன்றும் ஆடுகிறார்கள். டகியாஷா கணிகை வேடத்தில் வந்து மிட்சுகுனியை மயக்கப் பார்ப்பாள். அவன் வேண்டுமென்றே மசகாடோவின் கடைசிப் போரை நடித்துக் காட்டுவான். அப்பாவின் சாவைக் கேட்டு அவளுக்குக் கண்ணீர் வந்துவிடும், அதில்தான் மாட்டிக்கொள்வாள். கடைசியில் அரண்மனைக் கூரை மேடையிலேயே சரிந்து விழ, ராட்சதத் தேரையோடு நிற்பாள். கதையில் எலும்புப் படை, மேடையில் தேரை, அச்சில் ஒற்றை எலும்புக்கூடு. ஒரே கதையை மூன்று கலைகளும் தங்களால் எது முடியுமோ அதை வைத்துப் பயமுறுத்தியிருக்கின்றன. எனக்கு மூன்றிலும் அந்தக் கண்ணீர்க் காட்சி பிடிக்கும். சூனியக்காரி மாட்டிக்கொள்வது மகள் என்பதால்.

குனியோஷி இதை வரைந்த காலம் அச்சுக்காரர்களுக்கு நல்ல காலம் இல்லை. 1842ல் அரசு சிக்கன நடவடிக்கை என்று பெரிய தடை போட்டது. காபுகி நடிகர்களையும் கணிகையரையும் அச்சிடக் கூடாது. படத்துக்கு ஏழெட்டு முறைக்கு மேல் நிறம் ஏற்றக் கூடாது. தாள் 16 மொன் காசுக்கு மேல் விற்கக் கூடாது, கிட்டத்தட்ட ஒரு கிண்ணம் சோபா நூடுல்ஸ் விலை அது. மூன்று தாளுக்கு மேல் சேர்த்து ஒரே படமாகப் போடக் கூடாது. அதனால் வரலாறு, வீரர்கள், பழங்கதை என்று போனார்கள். குனியோஷிக்கு அது புதிய களம் இல்லை. 1827 வாக்கில் சீன நாவலான சுய்கோடெனின் 108 வீரர்களை ஆளுக்கு ஒரு தாளாக வரைய ஆரம்பித்துத்தான் அவர் பெயரே வெளியே வந்தது. அதற்கு முன் பல வருடம் வறுமை. 1843ல் மண்சிலந்திப் பேய் பற்றி அவர் போட்ட படத்தை, நாட்டை ஆண்ட ஷோகுனையும் அமைச்சர்களையும் கிண்டல் செய்கிறது என்று ஊரே ரகசியமாகப் பேசிச் சிரித்தது. பதிப்பாளர் பயந்துபோய்ப் படத்தைத் திரும்பப் பெற்று அச்சுக்கட்டைகளை அழித்தார். டகியாஷா படம் அதற்கு அடுத்து வந்தது. இதிலும் அப்படி உள்குத்து இருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மூன்று தாளுக்கு மேல் கூடாது என்று சட்டம் சொன்னபோது, அந்த மூன்று தாளுக்குள் இவ்வளவு பெரியதை நுழைத்த ஆள் அவர் என்பது எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

மூன்று தாள் படங்களில் அப்போதைய வழக்கம் தாளுக்கு ஓர் ஆளாக நிறுத்துவது. தாள்களைத் தனித்தனியாகவும் வாங்கலாம் என்பதால் ஒவ்வொன்றும் தன்னளவில் படமாக நிற்க வேண்டும். குனியோஷி அந்த வேலியைத் தாண்டினார். எலும்புக்கூட்டை ஒரு தாளோடு நிறுத்தவில்லை. சில வருடம் கழித்து மியாமோட்டோ முசாஷி திமிங்கலத்தோடு மோதும் படத்தில் திமிங்கலத்தை மூன்று தாளிலும் ஓடவிட்டார். இந்தப் படங்களில் ஒரு தாளை மட்டும் வாங்கிப் போனால் வீட்டில் மிருகத்தின் துண்டுதான் இருக்கும்.

"குனியோஷி வரைந்தார்" என்று எழுதிக்கொண்டே போகிறேன். அது பாதி உண்மைதான். ஓவியர் மெல்லிய தாளில் கோடு போட்டுக் கொடுப்பார். அந்தத் தாளைக் கவிழ்த்து, மலைச் செர்ரி மரப் பலகையில் ஒட்டி, கோட்டை விட்டுவிட்டு மற்றதைச் செதுக்கி எடுப்பவர் செதுக்குநர். தாள் அதோடு போய்விடும், ஓவியரின் கைக்கோடு மரத்தில்தான் மிஞ்சும். நிறத்துக்கு ஒரு பலகை. ஈரத் தாளைக் கவிழ்த்து, மூங்கில் மடல் சுற்றிய வட்டத் தேய்ப்பானால் முதுகில் தேய்த்து அச்சிடுபவர் அச்சர். காசு போட்டு எல்லாரையும் சேர்ப்பவர் பதிப்பாளர். கையெழுத்து மட்டும் ஓவியருடையது.

இது எப்படி இருக்கும் என்று கையால் தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. மூன்று சனிக்கிழமை ஒரு பயிற்சிக்குப் போனேன். சொல்லிக்கொடுத்த அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். நான் உள்ளங்கை அகலப் பலகையில் நாலு மூங்கில் குச்சிகளைச் செதுக்க எடுத்துக்கொண்டேன், அந்தத் திரையின் நினைவில். ஒரு கோடு நிற்க வேண்டுமென்றால் அதன் இரண்டு பக்கமும் கத்தியால் சரிவாக வெட்ட வேண்டும். ஒரு குச்சிக்கு இரண்டு விளிம்பு, விளிம்புக்கு ஒரு கோடு, கோட்டுக்கு இரண்டு வெட்டு. நாலு குச்சிக்குப் பதினாறு வெட்டு. முழுச் சனிக்கிழமையும் போயிற்று. குனியோஷியின் திரையில் எத்தனை குச்சி இருக்கிறது என்று நினைத்துப் பார்த்தபோது, பெயர் பதியாமல் போன அந்தச் செதுக்குநரைக் கும்பிடத் தோன்றியது.

அடுத்த வாரம் அச்சு. கறுப்பு எளிது என்று நினைத்திருந்தேன். பெரிய இடத்துக்குச் சீராகக் கறுப்பு ஏற்றுவதுதான் கஷ்டமாம். என் தாளில் கறுப்பு எள்ளுத் தூவியது போலப் புள்ளிப் புள்ளியாக வந்தது. அந்த அம்மா என் கையின் மேல் தன் கையை வைத்து, தேய்ப்பானை அமுக்கி, சிறு சிறு வட்டமாக இழுத்தார். "மை போதாது என்று ஊற்றாதே. உடம்பின் எடையைக் கொடு" என்றார். தாளைத் தூக்கியபோது கறுப்பு ஒரே பரப்பாக உட்கார்ந்திருந்தது. நடுவில் நான் செதுக்கி எடுத்த இடம் வெறும் தாளாக, பளிச்சென்று இருந்தது. இந்த அச்சுகளில் பெரும்பாலும் வெள்ளைக்கென்று மை கிடையாது. தாளின் நிறம்தான் வெள்ளை. எலும்பு தெரிய வேண்டுமென்றால் அதைச் சுற்றி இருட்டை அச்சடிக்க வேண்டும். குனியோஷியின் எலும்புக்கூட்டுக்குப் பின்னால் இருக்கும் அந்தக் கறுப்பில் ஒருவருடைய தோளின் எடை இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் என் தோளுக்குத் தெரிந்தது.

மசகாடோவின் தலை விழுந்ததாகச் சொல்லும் இடம் இன்னும் இருக்கிறது. ஓதேமாச்சியில், வங்கிகளும் கண்ணாடிக் கோபுரங்களும் நெருக்கியடிக்கும் இடத்தில், சின்னதாக ஒரு நினைவிடம். டோக்கியோவில் இவ்வளவு விலை போகும் மண்ணில் யாரும் அதை நகர்த்தவில்லை. 1923 பூகம்பத்துக்கு அப்புறம் நிதி அமைச்சகம் அங்கே தற்காலிகக் கட்டடம் கட்டியது, அமைச்சரும் அதிகாரிகள் பலரும் அடுத்தடுத்து இறந்தார்கள், கட்டடத்தை எடுத்துவிட்டார்கள் என்று அந்த இடத்தைப் பற்றிச் சொல்வார்கள். என் அலுவலகம் அங்கிருந்து பத்து நிமிட நடை. மதியம் சாப்பாட்டு நேரத்தில் போனால் கோட்டுப் போட்டவர்கள் வரிசையாக வந்து, குனிந்து வணங்கிவிட்டு அலுவலகத்துக்குத் திரும்புகிறார்கள்.

முன்பு அங்கே தவளைப் பொம்மைகள் நிறைய இருந்தன. ஜப்பானிய மொழியில் தவளைக்கும் திரும்பி வருவதற்கும் ஒரே ஒலி, காயெரு. வெளியூருக்கு மாற்றலாகிப் போகிறவர்கள், தலை திரும்பி வந்தது போல நாமும் பத்திரமாகத் திரும்ப வேண்டும் என்று வேண்டிக்கொண்டு வைத்துவிட்டுப் போவார்கள். சில வருடங்களுக்கு முன் இடத்தைப் புதுப்பித்தபோது அவற்றையெல்லாம் எடுத்துவிட்டார்கள். கதையில் மகன் கற்ற தேரை மந்திரம், மேடையில் மகளோடு நின்ற தேரை, இங்கே மாற்றல் உத்தரவோடு வந்தவர்கள் வைத்த தவளை. யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் அந்த இடத்தில் நிற்கும்போது எல்லாம் ஒரே குடும்பமாகத் தோன்றியது.

இப்போது காஷாடோகுரோவுக்கு வருகிறேன். அந்தப் பூதம் பழங்கால ஜப்பானியப் பூதம் இல்லை. 1960கள், 70களில் குழந்தைகளுக்கான யோகாய் புத்தகங்களும் பத்திரிகைகளும் கொடிகட்டிப் பறந்தபோது பிறந்தது. யோகாய் மங்கா படக்கதைகளுக்குப் பெயர்போன மிசுகி ஷிகேரு அதற்கு உருவம் கொடுத்தபோது குனியோஷியின் எலும்புக்கூட்டைத்தான் மனசில் வைத்து வரைந்தார். இப்போது பலர் பின்னோக்கிப் போய், குனியோஷி வரைந்ததே காஷாடோகுரோவைத்தான் என்று எழுதிவிடுகிறார்கள். குனியோஷி அந்தப் பெயரைக் கேட்டதே இல்லை. அவர் 1861லேயே இறந்துவிட்டார்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது வேறு இடத்தில். க்யோடென் நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகளை எழுதினார். குனியோஷி அவற்றை ஒன்றாக்கினார். நூற்றிருபது வருடம் கழித்து, அந்த ஒற்றை எலும்புக்கூட்டுக்குக் கதை கட்ட உட்கார்ந்தவர்கள், இது பல பேருடைய எலும்புகள் சேர்ந்து உருவானது என்று எழுதினார்கள். அவர்கள் க்யோடெனைப் புரட்டிவிட்டு எழுதினார்களா, படத்தைப் பார்த்ததுமே அப்படித் தோன்றியதா? படத்தைப் பார்த்துத் தோன்றியிருக்கும் என்று நம்பவே எனக்கு ஆசை. ஒரு மனிதனுக்கு அவ்வளவு எலும்பு இருக்க முடியாது என்று கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. குனியோஷி சேர்த்துக் கட்டிய மூட்டைக்குள் அந்த நூற்றுக்கணக்கானவர்கள் அத்தனை வருடமும் அப்படியே இருந்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் மகனிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். முழுக்கக் கேட்டான். அப்புறம், "அந்த ஓவியர் வேற என்ன வரைஞ்சாரு?" என்றான். பூனைகளைக் காட்டினேன். குனியோஷிக்குப் பூனை என்றால் உயிர். அடுத்து 1847 வாக்கில் அவர் போட்ட ஓர் ஆண் முகத்தைக் காட்டினேன். பார்க்கப் பயமாக இருந்தாலும் ரொம்ப நல்ல மனுஷர் என்பது அதன் தலைப்பு. தூரத்திலிருந்து பார்த்தால் மூக்கும் புருவமுமாக ஒரு முகம். கிட்டே போனால் மூக்கு ஒரு ஆளின் முதுகு, நெற்றி இன்னொருவனின் உடம்பு. ஒருவர்மேல் ஒருவர் ஏறிப் பின்னிக்கொண்ட மனிதர்களாலேயே அந்த முகத்தைக் கட்டியிருக்கிறார்.

அவன் திரையைப் பெரிதாக்கி, விரலால் ஆள் ஆளாகத் தொட்டுக்கொண்டே போனான். சட்டென்று எழுந்துபோய் வரைபடத் தாளை எடுத்துவந்தான். சமையலறை மேசையில் உட்கார்ந்து பெரிய மண்டையோடு ஒன்றைக் கோடாக வரைந்தான். அதற்குள்ளே குட்டிக் குட்டி எலும்புக்கூடுகள். கன்னத்தில் இரண்டு பேர் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். பல் வரிசையில் ஆளுக்கு ஒரு பல்லாக நின்றிருந்தார்கள். நான் சாதம் வடித்து, ரசம் தாளித்து முடிக்கிற வரைக்கும் தலையைத் தூக்கவில்லை.

"எத்தனை பேர் ஆச்சுடா?" என்று கேட்டேன்.

"இரும்மா, இன்னும் கழுத்துக்கே வரல."

தாள் தீர்ந்துவிட்டது. கீழே இன்னொரு தாளை ஒட்டித் தரச் சொன்னான். பசை நாடா எடுக்கப் போனேன்.